பின்பக்கத்தை முழுசாக மூடினால் வீட்டு விலை ஏறுமா? (பாடாங் செராய், 20க்கு 65)

ரப்பர்விதை
வணக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) ஒரு மாடி டெரஸ் வீடு, வரிசையில் நடு வீடு. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. முன்னால் போர்ச் 18 அடி, வீடு 35 அடி, பின்னால் 12 அடி வெற்றிடம். அதற்குப் பின்னால் 20 அடி லோரோங் (சந்து). மூன்று அறை, ஒரே குளியலறை. பின்சுவரை ஒட்டி இடமிருந்து வலமாகக் குளியலறை, மூன்றாவது அறை, அடுப்படி. அடுப்படி ஆறு அடி அகலம்தான். இரண்டு பேர் நின்றால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

ஆறேழு வருடத்தில் விற்றுவிட்டு குலிம் பக்கம் போகலாம் என்று எண்ணம். வேலை அங்கேதான், ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில். அதற்குள் பின்னால் 20க்கு 12 முழுவதையும் மூடி, பாதி அடுப்படி, பாதி நாலாவது அறை என்று போட்டால் நல்ல விலை வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கன்ட்ரெக்டர் சதுர அடிக்கு 140 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார். 240 சதுர அடிக்கு 33,600. பிளான் எதுவும் வேண்டாம், இந்தத் தாமானில் எல்லாரும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் என்கிறார். பக்கத்து வீடு இரண்டுமே முழுசாக மூடியாகிவிட்டது.

நாலு அறை வீடு என்று விளம்பரம் போட்டால் விலை ஏறும்தானே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்பனைக்குலை
ஏறும். மூன்றாவது அறையில் பகல் 12 மணிக்கும் லைட் போட்டுக்கொண்டு உட்காரத் தயாராக இருக்கிறவர் வந்தால் ஏறும்.

பிளான்மேசை
குலை சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் பிளான் வரைகிறவன். தம்பி, உங்கள் மூன்றாவது அறைக்கு ஜன்னல் எங்கே இருக்கிறது? பின்சுவரில். குளியலறைக்கும் அதே சுவர்தான். அந்த 12 அடியை மூடினால் அறையின் ஜன்னல் புது அடுப்படிக்குள்ளோ புது அறைக்குள்ளோ திறக்கும். புதிதாக ஓர் அறை கூடுகிறது, பழைய அறை ஒன்று ஸ்டோர் ஆகிறது. கூட்டிக் கழித்தால் அதே மூன்றுதான்.

கட்டடத் துணைச்சட்டம் என்று 1984-இல் வந்த ஒன்று இருக்கிறது. எந்த மாஜ்லிஸாக (நகராட்சியாக) இருந்தாலும் பிளான் பார்க்கிறவர் அதை வைத்துத்தான் பார்ப்பார். குடியிருக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்கு ஜன்னல் வேண்டும், அதில் காற்று வரத் திறக்கும் பகுதி 5 விழுக்காடாவது இருக்க வேண்டும். 90 சதுர அடி அறை என்றால் 9 சதுர அடி ஜன்னல். அந்த ஜன்னல் வெளியைப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கில் சேராது.

வெளி இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே வானம் தெரிகிற மாதிரி ஒரு திறப்பு விடலாம். ஏர்வெல் என்போமே, அது. இரண்டு மாடி வரைக்கும் அதன் பரப்பு 7 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், அகலம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. அதாவது 75 சதுர அடிச் சொச்சம், குறுகலான பக்கமே எட்டே கால் அடி. நாலு அடிக்கு நாலு அடி ஓட்டை விட்டு மேலே பிளாஸ்டிக் தகடு போடுவது ஏர்வெல் இல்லை.

ரப்பர்விதை
75 சதுர அடியா? 240-இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வானத்துக்கே போகிறதே அண்ணா. பக்கத்து வீட்டில் முழுசாக மூடி ஆறு வருடம் ஆகிறது, யாரும் வந்து கேட்கவில்லை.

லூனாஸ் அக்கா
நான் வீட்டு ஏஜெண்ட். பதினோரு வருடமாக லூனாஸ், பாடாங் செராய், குலிம் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாரும் வந்து கேட்கவில்லை என்கிறீர்கள். தம்பி, விற்கிற அன்றைக்குக் கேட்பார்கள்.

ஒரு வீடு சொல்கிறேன். நடு வீடு, உங்களுடையது மாதிரியே. பின்பக்கம் முழுக்க மூடி, நாலு அறை, தரையெல்லாம் வழவழவென்று தைல்ஸ். வீட்டுக்காரர் 285,000 கேட்டார். வாங்க வந்த பையனுக்குப் பிடித்துவிட்டது, முன்பணமும் கொடுத்துவிட்டான். பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார், அங்கீகரித்த பிளான் எங்கே என்றார். டெவலப்பர் கொடுத்த பழைய பிளான் மட்டும்தான் இருந்தது. பிளானில் இல்லாத பகுதிக்கு அவர் மதிப்பே போடவில்லை. வந்த மதிப்பு 255,000.

இப்போது கணக்கைப் பாருங்கள். 285,000 மதிப்பு வந்திருந்தால் 90 விழுக்காடு லோன் போக, பையன் கையிலிருந்து 28,500 போட்டால் போதும். மதிப்பு 255,000 என்றதும் லோன் 229,500-தான். கையிலிருந்து 55,500 வேண்டும். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆன பையனிடம் ஏது அவ்வளவு? விட்டுவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரர் கடைசியில் 258,000-க்குக் கொடுத்தார். மதிப்புக்கு மேலே கிடைத்தது 3,000-தான், பின்பக்கத்துக்கு அவர் செலவழித்தது அதைவிடக் கூட.

ரொக்கம் வைத்து வாங்குகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. நம் பக்கம் ரொக்கத்தோடு வருகிறவர் எத்தனை பேர்? ஹைடெக் பார்க் பிள்ளைகள்தான் வருகிறார்கள், எல்லாரும் லோன்.

கொத்துக்கரண்டி
எஸ்பி (சுங்கை பட்டாணி) பக்கம் கட்டுவேலை எடுக்கிறேன். பிளான் வேண்டாம் என்று சொல்லும் என் இனத்தானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் அந்த நாலாவது அறையின் கூரையை எப்படிப் போடுவதாகச் சொன்னார் என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் பின்சுவரில் கூரை முடிகிற இடம் தரையிலிருந்து சுமார் ஒன்பது அடி இருக்கும். அதே ஓட்டுக் கூரையை அதே சாய்வில் பின்னால் இழுத்தால், 20 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் 12 அடியில் நாலே கால் அடிக்கு மேல் இறங்கும். கடைசியில் குனிந்துதான் நிற்க வேண்டும். அதனால் ஓடு வேண்டாம், மெட்டல் டெக் போடலாம் என்பார். சரி, 5 டிகிரி. அதிலும் ஓர் அடி இறங்கும், பின்கோடியில் எட்டு அடி. அதற்குக் கீழே இரும்புச் சட்டம், சீலிங் எல்லாம் வந்தால் ஏழரைதான். படுக்கை அறைக்கு 2.5 மீட்டர் வேண்டும், எட்டடி இரண்டரை அங்குலம். அடுப்படிக்கு 2.25 மீட்டர் போதும், ஏழடி ஐந்து அங்குலம். ஆகவே அந்த இடத்தில் அடுப்படி நியாயமாக வரும், அறை வராது. அறைதான் வேண்டுமென்றால் பழைய கூரைக்கு மேலே சுவரைத் தூக்கி நடுவில் காங்கிரீட் கால்வாய் விட வேண்டும். அந்தக் கால்வாய்தான் பிற்பாடு ஒழுகும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும் சேர்த்துத்தான். பழைய வீடும் புதுப் பகுதியும் ஒட்டுகிற இடத்தில் வெடிப்பு வரும். பழைய வீடு பைலில் (நிலத்துக்குள் இறக்கிய கால்களில்) நிற்கிறது, இருபது வருடத்தில் இறங்க வேண்டியது இறங்கியாயிற்று. புதுத் தரை மண்ணை நிரப்பி மேலே ஊற்றியது, இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் ஒரே பீமில் பூட்டினால் சுவர் மேலிருந்து கீழே கிழியும். புதுப் பகுதிக்குத் தனித் தூண், கீழே பாக்காவ் (சதுப்புநில) மரமோ சின்னக் காங்கிரீட் பைலோ, நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு வளையும் சீலன்ட். பூச்சு பூசி மறைக்கிற கன்ட்ரெக்டருக்கு ஒன்றரை வருடம் கழித்துப் போன் அடித்துப் பாருங்கள், எடுக்கமாட்டார்.

தரை ஊற்றுவதற்கு முன்னால் கரையான் மருந்து. தாமான் எல்லாம் தோட்டத்து மண்தானே, பழைய மரத்து வேர் எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் கழிவுநீர் மேன்ஹோல் எங்கே இருக்கிறது? பின்னால்தான் இருக்கும். அதன் மேல் தைல்ஸ் ஒட்டிவிட்டுத் தீபாவளிக்கு முந்தின நாள் அடைத்துக்கொண்ட வீட்டை நான் உடைத்திருக்கிறேன். புது கேபினெட்டுக்கு அடியில் இருந்தது.

பழைய கிராணி
தம்பிமார்களே, ஒரு கிழவன் குறுக்கே வருகிறேன். தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன்.

நம் பாட்டன் இருந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பின்னால் அடுப்படி தனியாக இருக்கும், வீட்டுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் வாசல். மழை பெய்தால் சட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிவருவோம். வசதி இல்லாமல்தான் அப்படி, அதைப் புகழவில்லை. ஆனால் புகை வீட்டுக்குள் வராது, துணி காயும், குழந்தை அங்கேயே விளையாடும். தாமானுக்கு வந்ததும் முதல் வேலையாக எல்லாரும் அந்த வாசலை மூடுகிறோம். மூடிவிட்டு ஏர்கோன் போடுகிறோம்.

எனக்கு வேறொரு கேள்வி. இவர் ஆறேழு வருடம் இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறார். யாரோ வாங்கப் போகிறவனுக்காக நாலு அறை கட்டிவிட்டு அதுவரை இருட்டில் குடியிருப்பானேன்?

இன்னொன்று, கிரானை (நிலப் பட்டாவை) எடுத்துப் பாருங்கள். குறைந்த விலை வீடாக இருந்தால் செகாத்தான் கெப்பெந்திங்கான், அதாவது உரிமைக் கட்டுப்பாடு, என்று அதிலே எழுதியிருக்கும். விற்பதற்கு மாநில அரசின் சம்மதம் வாங்க வேண்டும், அதற்கே மாதக் கணக்கில் ஆகும். அது தெரியாமல் விலையைப் பற்றிப் பேசுவது பால் எடுக்காமல் ரசீது எழுதுவது மாதிரி.

ரப்பர்விதை
ஐயா, கிரான் பார்த்தேன். குறைந்த விலை வீடு இல்லை, அந்த வரியும் இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

உங்கள் கேள்வியை வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மா ஹென்ரியேட்டா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். "யார் இந்த ஐயா, சரியாத்தான் சொல்றார்" என்றார். அம்மாவின் கறிவேப்பிலை மரமும் அம்மியும் பின்னால்தான் இருக்கின்றன. என் திட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை என்பதை நான் அதுவரை சொல்லவே இல்லை.

நாலாவது அறையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படியானால் பணத்தை எதில் போட்டால் விற்கும்போது திரும்பி வரும்?

லூனாஸ் அக்கா
இரண்டாவது குளியலறை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மூன்று அறை, ஒரு குளியலறை என்றால் வாங்க வருகிற தம்பதியில் அந்தப் பெண் வாசலிலேயே முகத்தைச் சுருக்குவார். காலை ஷிப்டுக்கு இரண்டு பேர் கிளம்புகிற வீட்டுக்கு அது பெரிய விஷயம். அதற்கடுத்து அடுப்படி. அறை எண்ணிக்கை மூன்றாவதுதான்.

மீனா அடுப்படி
அடுப்படி என்றதும் வந்துவிட்டேன். இத்தனை ஆண்கள் பேசுகிறீர்கள், ஒருவராவது முறுக்கு சுடுவது எங்கே என்று கேட்டீர்களா?

அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி, புகை திறந்த பக்கம் போகிற மாதிரி. சிங்க் ஜன்னலுக்குக் கீழே. கேஸ் தோம்பு (சிலிண்டர்) வெளியே, கூண்டுக்குள். பழைய ஆறடி அடுப்படியை இடித்துத் தள்ள வேண்டாம், குளிர்பெட்டியும் சாப்பாட்டு மேசையும் அங்கே போகட்டும். இடையில் சறுக்குக் கதவு ஒன்று போட்டால் கருவாடு பொரித்தாலும் ஹாலுக்கு வராது. சீனர் வாங்கினாலும் மலாய்க்காரர் வாங்கினாலும் வெட் கிச்சன் (பொரியல், புகைக்கென்று தனி அடுப்படி) இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

குளியலறைக் கதவை அடுப்புக்கு எதிரே வைத்தால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.

ரப்பர்விதை
நேற்று இரவு பேனா எடுத்து உட்கார்ந்தேன். 20 அடியில் வலது பக்கம் பத்தடி புது அடுப்படியும் குளியலறையும். இடது பக்கம் பத்தடிக்கு 12 அடி திறந்த வாசல். மூன்றாவது அறையின் ஜன்னலும் பழைய குளியலறை ஜன்னலும் அந்த வாசலைப் பார்க்கும். கட்டுவது 120 சதுர அடிதான், செலவும் பாதி. சரியா?

பிளான்மேசை
படம் சரி. கணக்கில் சுவரை மறந்துவிட்டீர்கள், எல்லாரும் மறப்பார்கள். இரண்டு பக்கப் பொதுச்சுவரிலும் உங்கள் பங்கு நாலரை அங்குலம், நடுவில் ஐந்து அங்குலச் சுவர். 20 அடியில் உங்களுக்கு மிஞ்சுவது 18 அடி 10 அங்குலம். அடுப்படிப் பக்கம் பத்தடி உள்ளளவு வேண்டுமென்றால் வாசல் 8 அடி 10 அங்குலம். பின்சுவர் போக நீளம் 11 அடி 7. நூறு சதுர அடிக்கு மேல் வருகிறது, 7 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டது, அகலமும் 2.5 மீட்டருக்கு மேல். பாஸ்.

குளியலறையைப் புதுப் பகுதியின் பின்கோடியில் வையுங்கள், மேன்ஹோலுக்கும் பக்கம். கதவை அடுப்படிக்குள் திறக்காமல் வாசல் பக்கம் திறக்க விடுங்கள். அடுப்படிக் கதவிலிருந்து அங்கே போகிற மூன்றடிப் பாதைக்கு மட்டும் மேலே நீட்டிய கூரை. நனையாமல் போகலாம், வாசலின் வானமும் அதிகம் குறையாது. நீட்டலைச் சின்னதாக வையுங்கள், திறந்த அளவு 2.5 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடக்கூடாது. இறங்குகிற மாதிரி இருந்தால் பாதையை உள்பக்கமாகத் தள்ளி அடுப்படியில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எல்லை வரைக்கும் கட்ட விடுவார்களா என்பது மாஜ்லிஸைப் பொறுத்தது. பின்னால் லோரோங் இருக்கிறதா, எத்தனை அடி என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதமும் கேட்கலாம். லெம்பாகா ஆர்கிடெக்கில் (கட்டடக் கலைஞர் வாரியத்தில்) பதிந்த பிளான் வரைபவராகப் பாருங்கள், பதிவில்லாதவர் கையெழுத்து செல்லாது. நேரில் போவதாக இருந்தால் வெள்ளி, சனி போய் நிற்காதீர்கள், இங்கே அதுதான் வார விடுமுறை. பினாங்கிலிருந்து குடிவந்தவர்கள் கெடாவில் இந்தத் தப்பைத்தான் முதலில் செய்வார்கள்.

செம்பனைக்குலை
குளிக்க வாசலுக்குப் போகணுமா? மறுபடியும் லயத்துக்கே வந்துட்டோம்.

பழைய கிராணி
லயத்தில் அது வரிசைக்கு ஒன்று. இவருக்குச் சொந்தமாக ஒன்று. முன்னேற்றம்தான்.

லூனாஸ் அக்கா
காசு விஷயம் கொஞ்சம். ரசீது எல்லாம் பத்திரமாக வையுங்கள். ஆர்.பி.ஜி.டி., அதாவது வீடு விற்ற லாபத்துக்கான வரி, குடிமகனுக்கு வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நாலாம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. ஆறாம் வருடத்திலிருந்து கிடையாது, 2022 முதல் அப்படித்தான். நீங்கள் சொன்னபடி ஆறேழு வருடம் இருந்தால் கவலை இல்லை. ஆனால் வேலை மாறி நடுவில் விற்க வேண்டி வந்தால், வீட்டு மதிப்பைக் கூட்டச் செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணே பணம் கிடைத்தது" என்று வந்தது ரசீது ஆகாது.

இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். வீடு வாங்க, லோன் குறைக்க எடுக்கலாம், இருக்கிற வீட்டை நீட்ட எடுக்க முடியாது. 2024 மே மாதம் வந்த பிலெக்சிபல் கணக்கில் இருப்பதை எதற்கும் எடுக்கலாம், பெரும்பாலும் அதில் அவ்வளவு இருக்காது.

கொத்துக்கரண்டி
சதுர அடி குறைந்தால் செலவும் பாதி என்று நினைக்க வேண்டாம் தம்பி. சதுர அடி விலை என்பது சுவரும் கூரையும் தரையும். குளியலறைக்குக் குழாய், தண்ணீர் புகாத பூச்சு, கம்போட், தைல்ஸ் எல்லாம் தனி. பைல் தனி. குப்பை அள்ள ரோரோ தொட்டி தனி. எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி வாங்குங்கள்.

சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள். தரை முடிந்ததும் ஒரு பங்கு, கூரை முடிந்ததும் ஒரு பங்கு என்று. பாதி முன்பணம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 50,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் கையில் எழுத்து வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் ஆரம்பிக்கப் பாருங்கள், நம் பக்கம் மழை குறைவு. ஹரிராயா (நோன்புப் பெருநாள்) எப்போது வருகிறதென்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் ஆட்கள் ஊருக்கு, இந்தோனேசியாவில் மேடானுக்குப் போனால் மூன்று வாரம் என்று சொல்லிவிட்டு ஐந்து வாரம் கழித்துத்தான் வருவார்கள்.

ரப்பர்விதை
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். முதல் கன்ட்ரெக்டருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று, கொஞ்சம் கோபம் அவருக்கு. பதிவுள்ள ஒருவர் வந்து அளந்தார். இடது பக்க வீட்டுக்காரர் உடனே கையெழுத்துப் போட்டார். வலது பக்கத்துச் சீன அங்கிள், "பிளான் போடப் போகிறாயா, ஏன்?" என்று அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, அவர் வீட்டுக்கும் போட முடியுமா என்று கேட்டுக்கொண்டே போட்டார். அவர் வீடு முழுசாக மூடியது. என்ன ஆகும் என்று பிளான்மேசை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

புது விலை 29,800, பைல், குளியலறை எல்லாம் சேர்த்து. 240 சதுர அடிக்குச் சொன்னதைவிட நாலாயிரம்கூடக் குறையவில்லை என்று மனைவி சுட்டிக்காட்டினார். பதில் சொல்லவில்லை.

பிளான்மேசை
அங்கிளுக்கு: கட்டியதைப் பிளானில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாம். விதிக்கு ஒத்துவருகிற பகுதி நிற்கும், வராததைத் திருத்தச் சொல்வார்கள். அபராதமும் இருக்கலாம். கூரையில் கொஞ்சம் திறக்கத் தயாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

மீனா அடுப்படி
மரம் என்ன ஆயிற்று?

ரப்பர்விதை
அதைத்தான் சொல்ல வந்தேன். அளக்க வந்தவர் நடுச்சுவர் வருகிற இடத்தில் ஆணி அடித்துச் சிவப்புக் கயிறு கட்டினார். கயிறு கறிவேப்பிலை மரத்தின் மேல் உரசிக்கொண்டு போனது. தூர் வெட்ட வேண்டாம், ஒரு பக்கக் கிளையை மட்டும் எடுத்தால் போதும் என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அளக்க வந்தவர் மூன்றாவது அறைக்குள் போய் அளந்துகொண்டிருந்த நேரத்தில், அம்மா அம்மியின் குழவியை எடுத்து ஆணியைத் தட்டிப் பிடுங்கி ஓர் அடி வலப்பக்கம் நட்டுவிட்டார்.

அவர் வெளியே வந்து டேப்பைப் போட்டார், மறுபடி போட்டார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

வாசல் இப்போது 9 அடி 10. மேலே நீட்டுகிற கூரைக்கும் இடம் தாராளமாக இருக்கிறதாம். அடுப்படி 9 அடி. கேபினெட்காரருக்குப் புது அளவு அனுப்ப வேண்டும்.